மறுநாள் விழும் உடல்

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி. மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டுகள். விரல் நுனியில் ஆக்சிஜன் கிளிப். உட்கார்ந்திருப்பது, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில். நிமிடத்துக்கு நிமிடம் பெடல் கனத்துக்கொண்டே போகும். எட்டு, பத்து, மிஞ்சினால் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் யாராக இருந்தாலும் ‘இனி முடியாது’ என்று காலை எடுத்துவிடுவார்கள். சோதனை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஆனால் மறுநாள் அதே நேரத்துக்கு வந்து அதே சைக்கிளில் மறுபடி ஏற வேண்டும்.

உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத, நோயில்லாத ஒருவர் இரண்டாம் நாளும் ஏறத்தாழ அதே அளவுக்கு மிதித்துவிடுவார். இதய நோயாளியின் அளவு முதல் நாளே குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குறைந்த அளவை அவர் மறுநாளும் எட்டிவிடுவார். நாட்பட்ட களைப்பு நோய்க்குறி உள்ளவர்களில் பலரால் அது முடிவதில்லை. நேற்று எந்தக் கனம் வரை தசைகள் ஆக்சிஜனை வைத்தே ஈடுகொடுத்தனவோ, அந்த எல்லை இன்று முன்னதாகவே வந்துவிடுகிறது. நடிக்கிறார்களோ என்று சந்தேகப்படவும் வழியில்லை. உள்ளே போகும் ஆக்சிஜனுக்கும் வெளியே வரும் கரியமில வாயுவுக்கும் உள்ள விகிதம், ஒருவர் தன்னால் ஆனமட்டும் முயன்றாரா இல்லையா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லா ஆய்விலும் எல்லா நோயாளியிடமும் இந்த இறக்கம் ஒரே அளவில் தெரிந்ததில்லை. இருந்தும், ‘எல்லாம் மனசுதான்’ என்ற பேச்சுக்கு எதிராக ஒரு சாட்சியைத்தான் கூப்பிடலாம் என்றால் நான் இந்தச் சைக்கிளைத்தான் கூப்பிடுவேன்.

பெயரில் களைப்பு இருப்பதுதான் இந்த நோய்க்கு வாய்த்த முதல் துரதிர்ஷ்டம். களைப்பு யாருக்கு இல்லை? ஒரு தூக்கம் போட்டால் போகிற களைப்பும் இதுவும் வேறு. இவர்களுக்குத் தூங்கி எழுந்தாலும் தெளிச்சி இருக்காது. படித்த வரியையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். கொஞ்ச நேரம் நின்றாலே நெஞ்சு படபடக்கும், தலை கிறுகிறுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உழைப்புக்குப் பின் வரும் சரிவு: திங்கட்கிழமை துணி துவைத்து மாடியில் காயப்போட்டவர் அன்று நன்றாகவே இருப்பார், புதன்கிழமை படுக்கையை விட்டு எழ மாட்டார். உடலுழைப்புதான் என்றில்லை, ஒரு கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் பேசிச் சிரித்தாலும் போதும். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015இல் வெளியிட்ட அறிக்கை இந்தச் சரிவைக் கட்டாய அறிகுறியாக வைத்தது. அந்த நாட்டில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்நோயோடு வாழ்வதாகவும், அவர்களில் பெரும்பாலோருக்கு நோயின் பெயரே சொல்லப்படவில்லை என்றும் அது கணக்கிட்டது.

காரணம் என்ன என்பதற்கு இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள் ஏராளம். ஒவ்வொன்றிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன்: அந்தப் புதன்கிழமைக்கு உன்னிடம் பதில் உண்டா?

கதை மருத்துவமனைகளில் தொடங்குகிறது. 1934இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி பொது மருத்துவமனையில் போலியோ நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர்களில் 200 பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் விழுந்தார்கள். போலியோ மாதிரி இருந்தது, ஆனால் போலியோ இல்லை. 1948இல் ஐஸ்லாந்தின் அகுரேரி ஊரில் இதே கதை. 1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை. ஒரு டாக்டரும் ஒரு வார்டு சிஸ்டரும் முதலில் படுத்தார்கள். இரண்டே வாரத்தில் 70 பேருக்கு மேல். மருத்துவமனையையே அக்டோபர் வரை மூடினார்கள். மொத்தம் 292 ஊழியர்கள். விசித்திரம் என்னவென்றால், உள்ளே ஏற்கெனவே படுத்திருந்த நோயாளிகளில் 12 பேரைத்தான் அது தொட்டது. அங்கே பணியாற்றிய மெல்வின் ராம்சே என்ற மருத்துவர் இதை விடாமல் தொடர்ந்து எழுதினார். தசை வலியோடு மூளையும் தண்டுவடமும் அழற்சி கொள்வதாகப் பொருள்படும் ‘மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்’, சுருக்கமாக எம்.இ., என்ற பெயர் அப்போது பிறந்ததுதான். 1969இல் உலக சுகாதார நிறுவனம் அதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. மெக்கீவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். ஒரு நோயாளியையும் நேரில் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்களுடைய முக்கியமான சான்றுகளில் ஒன்று. செவிலியர் நிறைந்த மருத்துவமனையில் வேறு யார் அதிகமாக இருப்பார்கள்? ஆனாலும் அந்த முத்திரை அரை நூற்றாண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. 1984–85இல் நெவாடாவின் டாஹோ ஏரிக்கரையில் இன்க்லைன் வில்லேஜ் என்ற ஊரில் 200 பேரளவுக்குப் படுத்தபோது, விசாரிக்கப் போன அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1988இல் சூட்டிய பெயர்தான் ‘நாட்பட்ட களைப்பு நோய்க்குறி’.

அப்புறம் கிருமி வேட்டை. அதில் ஒரே ஒரு அத்தியாயத்தை விரிவாகச் சொன்னால் போதும். 2009 அக்டோபரில் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை: நோயாளிகள் 101 பேரில் 68 பேரின் ரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற ரெட்ரோவைரஸ் இருந்தது. நோயில்லாதவர்கள் 218 பேரில் 8 பேரிடம் மட்டும். ரெட்ரோவைரஸ் என்றால் எச்.ஐ.வி.யின் இனம். நோயாளிகள் அழுதே விட்டார்கள், மகிழ்ச்சியில். கடைசியில் ஒரு கிருமி கிடைத்துவிட்டதே! சிலர் டாக்டர்களிடம் கேட்டு எச்.ஐ.வி. மருந்தையும் விழுங்கத் தொடங்கினார்கள். பிறகு ஒவ்வொரு ஆய்வகமாகத் தேடிப் பார்த்துக் கையை விரித்தது. 2011இல் வைரஸின் பிறப்பிடம் வெளியானது: 1990களில் ஒரு மனிதப் புராஸ்டேட் கட்டியை ஆய்வக எலிகளின் உடலில் வளர்த்திருக்கிறார்கள், அந்த எலிகளிலிருந்த இரண்டு வைரஸ்துண்டுகள் அங்கே ஒட்டிக்கொண்டு உருவானதுதான் இது. நோயாளியின் ரத்தத்தில் பிறந்ததே இல்லை, ஆய்வகக் கலப்படம். 2011 டிசம்பரில் சயன்ஸ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2012இல் இயன் லிப்கின் தலைமையில் 147 நோயாளிகளையும் 146 நலமானவர்களையும் சோதித்து விவகாரத்துக்கு மூடுவிழா நடத்தினார்கள். முதல் கட்டுரையை எழுதியவர்களும் அந்த ஆய்வில் பங்கெடுத்து முடிவை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

எந்தக் கிருமி என்று கேட்டதே தப்போ என்று யோசிக்க வைத்த ஆய்வு அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற உள்நாட்டு ஊர். மூன்று வகைக் காய்ச்சல்காரர்கள் 253 பேரைக் காய்ச்சல் வந்த நாளிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். ஒன்று, எச்சில் வழியே பரவும் எப்ஸ்டீன்-பார் வைரஸ். இன்னொன்று, கொசு பரப்பும் ராஸ் ரிவர் வைரஸ். மூன்றாவது வைரஸே அல்ல. ஆடுமாடுகளிடமிருந்து தொற்றும் க்யூ காய்ச்சல், ஒரு பாக்டீரியாவால் வருவது. மூன்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து மூன்றிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான நோய் எஞ்சியிருந்தது. 11 சதவீதம் பேர் நாட்பட்ட களைப்பு நோய்க்குறியின் வரையறைக்குள் வந்தார்கள். யார் தேறாமல் போவார்கள் என்பதை முன்கூட்டியே சொன்னது அவர்களுடைய மனநிலை அல்ல, காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதுதான். 2006இல் வந்த முடிவு இது. 2004இல் நார்வேயின் பெர்கன் நகரில் குடிநீரில் ஜியார்டியா கலந்து வயிற்றுப்போக்கு பரவிய பிறகும் இதே சோர்வு தங்கியது. 2003 சார்ஸுக்குப் பின் டொரான்டோவின் மருத்துவமனை ஊழியர்களிடமும் இருந்தது. கோவிட் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நெடுங்கோவிட் நோயாளிகளில் கணிசமானோர் இந்தப் பழைய வரையறைக்குள் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறார்கள்.

ராஸ் ரிவர் வைரஸின் நெருங்கிய சொந்தம் நமக்கு நன்றாகத் தெரிந்த சிக்குன்குனியா. 2006இல் தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்ட அந்தக் காய்ச்சல் மூன்று நாளில் விட்டது, மூட்டு வலி மாதக்கணக்கில் விடவில்லை. எங்கள் தெருவில் ஒரு டீச்சர். காய்ச்சல் போய் ஒரு வருஷம் ஆகியும் கரும்பலகைக்கு மேலே கையைத் தூக்கினால் அடுத்த நாள் லீவு. ‘வேலைக்குச் சோம்பல்’ என்று மாமியார் வீட்டில் முடிவு கட்டினார்கள். அந்த வீட்டில் சைக்கிள் சோதனை ஏது?

ஆக, தீயை யார் வைத்தார் என்பதல்ல, அணைந்த பிறகும் ஏன் புகைகிறது என்பதுதான் கேள்வி. முதல் சந்தேகம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் மேல். பெர்கனிலேயே ஃப்ளூகே, மெல்லா என்ற இரண்டு புற்றுநோய் மருத்துவர்கள். தங்களிடம் நிணநீர்ப் புற்றுக்கு மருந்து எடுத்த ஒருவருக்கு, அதற்கு முன்பே இருந்த களைப்பு நோய் தேறுவதைத் தற்செயலாகக் கவனித்தார்கள். எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பி செல்களை ரிடுக்ஸிமாப் மருந்தால் அழித்துப் பார்த்தார்கள். 2011இல் 30 பேரில் செய்த ஆய்வு: மருந்து பெற்ற 15 பேரில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது, போலி மருந்து பெற்ற 15 பேரில் இருவருக்குத்தான். உலகமே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. 151 பேரைக் கொண்டு பெரிய அளவில் செய்து 2019இல் வெளியிட்டபோது கதை தலைகீழ். மருந்துக்கு 26 சதவீதம், போலி மருந்துக்கு 35. தங்கள் கண்டுபிடிப்பு தோற்றதைத் தாங்களே எழுதி வெளியிட்ட அந்த இருவரின் நேர்மையை நான் எப்போதும் மெச்சுவேன். அதோடு அவர்கள் நிற்கவும் இல்லை. எதிர்ப்பொருளைச் சுரப்பவை பி செல்கள் முதிர்ந்து உருவாகும் பிளாஸ்மா செல்கள். ரிடுக்ஸிமாப் அவற்றைத் தொடாது. பிளாஸ்மா செல்களைக் குறிவைக்கும் டாராடுமுமாப் மருந்தைப் பத்துப் பெண்களுக்குக் கொடுத்து 2025இல் வெளியிட்டார்கள்: ஆறு பேர் நன்றாகத் தேறினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழு இல்லாத ஆய்வு. முன்பு 30 பேரை நம்பி ஏமாந்தவர்கள் பத்துப் பேரை நம்பிப் பட்டாசு வெடிக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பொருள்கள் மீதான சந்தேகத்துக்கு வலு சேர்த்தவை எலிகள். ஃபைப்ரோமயால்ஜியா என்பது இந்த நோய்க்குப் பங்காளி. உடம்பெங்கும் வலி, எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. லிவர்பூலின் ஆண்ட்ரியாஸ் கோபெல் குழு அந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்து எலிகளுக்கு ஏற்றியது. லேசாக அழுத்தினாலே எலி காலை இழுத்துக்கொண்டது, குளிரைப் பொறுக்கவில்லை, நடமாட்டம் குறைந்தது. நலமானவர்களின் எதிர்ப்பொருளை ஏற்றிய எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வாரங்களில் அந்த எதிர்ப்பொருள் உடலை விட்டு நீங்கியதும் எலிகள் பழையபடி ஆயின. வலியை உணர்த்தும் நரம்பு முடிச்சுகளில் அது போய் ஒட்டியிருந்தது. 2021இல் வெளியான இந்த ஆய்வை வாசித்தபோது நான் நினைத்தது ஒன்றுதான்: எலிக்கு ஏது மாமியார்? எலி யாரிடம் பாசாங்கு செய்யும்?

இருந்தாலும் நம் புதன்கிழமைக் கேள்வி அப்படியே நிற்கிறது. எதிர்ப்பொருள் திங்களும் இருந்தது, செவ்வாயும் இருந்தது.

ரத்த ஓட்டம் இன்னொரு தடம். நெதர்லாந்தில் வான் காம்பென், விஸ்ஸர் குழு 429 நோயாளிகளைச் சாய்மேசையில் கட்டி மெல்ல நிமிர்த்தி, மூளைக்குப் போகும் ரத்தத்தை அளந்தது. நலமானவர்களுக்கு 7 சதவீதம் குறைந்தது, நோயாளிகளுக்கு 26. இதில் கவனிக்க வேண்டியது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இயல்பாக இருந்தவர்களிடமும் மூளை ரத்தம் அதே மாதிரி சரிந்தது. ‘பி.பி. நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ! நிற்கும்போது வரும் கிறுகிறுப்புக்கும் மூளை மந்தத்துக்கும் இது நல்ல விளக்கம். மறுநாளுக்கு அரை விளக்கம்.

முழு விளக்கத்துக்குப் பக்கத்தில் வந்தது என்று நான் நினைப்பது ஆம்ஸ்டர்டாம் ஆய்வு. 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்தது. மிதித்தால் சரிந்துவிடும் நெடுங்கோவிட் நோயாளிகள் 25 பேர், கோவிட் வந்து முழுதாகத் தேறியவர்கள் 21 பேர். எல்லோரிடமும் தொடைத் தசையில் ஒரு துணுக்கு எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்துச் சைக்கிள் மிதிக்க விட்டார்கள். மறுநாள் இன்னொரு துணுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது: நோயாளிகளின் தசையில் ஆக்சிஜனை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா முன்பே மந்தம், பயிற்சிக்குப் பின் இன்னும் மந்தம். தசை நார்கள் சிதைந்து செத்திருந்த இடங்கள் கூடியிருந்தன. நோயெதிர்ப்பு செல்கள் உள்ளே புகுந்திருந்தன. நலமானவர்களுக்கு ஊக்கம் தரும் அதே பத்து நிமிடம் இவர்களுக்குக் காயமாக இறங்கியிருக்கிறது. காயம் வீங்க ஒரு நாள் எடுக்கும் அல்லவா? மறுநாள் விழுவதில் அப்புறம் என்ன அதிசயம்?

மைட்டோகாண்ட்ரியா ஏன் மந்தமாகிறது என்பதற்கும் ஒரு நூல் கிடைத்திருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பால் ஹுவாங், பல வருடக் களைப்பில் இருந்த ஒரே ஒரு பெண்ணின் செல்களில் தொடங்கி, வாஸ்ஃப்-3 என்ற புரதம் அளவு மீறிக் கிடப்பதையும் அது மைட்டோகாண்ட்ரியாவின் எந்திரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதைத் தடுப்பதையும் 2023இல் காட்டினார். வேறு நோயாளிகளின் தசையிலும் அது கூடுதலாக இருந்தது. அதைக் கூட்டி வைத்த எலிகளுக்கு ஓட்டம் குறைந்தது. நோயாளிகளின் குடல் பாக்டீரியாக் கணக்கும் மாறியிருக்கிறது. பியூட்ரேட் தரும் நல்ல பாக்டீரியாக்கள் குறைவு. அது காரணமா விளைவா என்று பிரிப்பது கடினம்: படுத்தே கிடப்பவரின் சாப்பாடும் குடலும் எப்படியும் மாறத்தான் செய்யும்.

மூளைப் பக்கம் வந்தால் விவாதம் சூடாகிறது. அதே தேசிய சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆழமான ஆய்வில் 17 நோயாளிகள்தான்; பெருந்தொற்று வந்து ஆள் சேர்ப்பை முடக்கிவிட்டது. தண்டுவட நீரில் டோபமின் வகை வேதிப்பொருள்கள் குறைந்திருந்ததும், பி செல்களின் போக்கு மாறியிருந்ததும் அதில் கிடைத்த நல்ல தகவல்கள். ஆனால் நோயாளிகள் கடினமான வேலையைக் குறைவாகத் தேர்ந்தெடுத்ததை ‘முயற்சித் தெரிவு’ என்று பெயரிட்டார்கள். நோயாளிகள் கொதித்துப்போனார்கள். எனக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. நேற்று சூடு பட்டவன் இன்று அடுப்பருகே கையை மெதுவாகக் கொண்டுபோவதைத் ‘தெரிவு’ என்பதா?

பழைய காயத்தை அது கிளறியதற்குக் காரணம் உண்டு. 2011இல் லான்செட்டில் வந்த பேஸ் ஆய்வு, 641 பேரை வைத்து, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் மனப்பழக்கச் சிகிச்சையும் பலன் தருவதாகச் சொன்னது. உடம்பு பயிற்சியின்றித் தளர்ந்துவிட்டது, பயம் தடுக்கிறது என்பது அதன் அடிப்படை. தேறியதாகக் கணக்கிட வைத்திருந்த அளவுகோலை நடுவில் தளர்த்தியிருந்தார்கள். நோயாளிகள் தீர்ப்பாயம் வரை போய் 2016இல் தரவுகளை வெளியே கொண்டுவந்தார்கள். முதலில் வைத்த அளவுகோலால் அளந்தபோது தேறியவர் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் அந்தப் படிப்படிப் பயிற்சியைத் தன் வழிகாட்டியிலிருந்து நீக்கியது. சைக்கிள் சோதனையைக் கண்ணால் பார்த்த யாருக்கும் இதற்குப் பத்து வருடம் பிடித்தது ஆச்சரியமாக இருக்கும்.

மரபணுவின் வாக்குமூலம் கடைசியாக வந்தது. எடின்பரோவின் கிறிஸ் பான்டிங் தலைமையிலான டிகோட்எம்இ ஆய்வு 15,579 நோயாளிகளின் டி.என்.ஏ.வை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு, 2025 ஆகஸ்டில் எட்டு இடங்களில் வேறுபாடு காட்டியது. அவற்றில் சில, கிருமித் தொற்றுக்கு உடல் எப்படிப் பதில் சொல்கிறது என்பதோடு தொடர்புள்ளவை. ஒன்று, நாட்பட்ட வலியோடு ஏற்கெனவே இணைக்கப்பட்ட இடம். ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறியது, சோதித்து நோயைச் சொல்லிவிட முடியாது. பெண்களுக்கு ஏன் அதிகம் வருகிறது என்பதற்கு அந்த எட்டு இடங்களிலும் பதில் இல்லை. ஆனால் பிறக்கும்போதே எழுதப்பட்ட எழுத்தை நோயாளியின் மனநிலை மாற்றியிருக்க முடியாது. அந்த அளவில் இது கனமான சான்று. வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய வீரர்களைத் தாக்கிய, இதே சாயலுள்ள நோயிலும் இதே பாடம்தான். 1991இல் சாரின் என்ற நச்சு வாயுவின் சாயல் பட்டவர்களில், அதைச் செரிக்கும் நொதி பலவீனமாக அமைந்த மரபணுக்காரர்களே அதிகம் விழுந்ததை ராபர்ட் ஹேலி 2022இல் காட்டினார்.

என் தீர்ப்பு இதுதான். காரணம் ஒன்றல்ல, ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று நோய்களே இருக்கலாம். தொற்று தொடங்கிவைக்கிறது, மரபணு சிலரைத் தேர்ந்தெடுக்கிறது, நோயெதிர்ப்பு மண்டலம் போர் முடிந்ததை ஒப்புக்கொள்ள மறுக்கிறது, ரத்த ஓட்டமும் மைட்டோகாண்ட்ரியாவும் அதற்கு விலை கொடுக்கின்றன, அந்தக் கடனை வசூலிக்கும் நாள்தான் புதன்கிழமை. இந்தச் சங்கிலியில் எதிர்ப்பொருளுக்கும் தசைக்கும் நடுவிலுள்ள கண்ணியை யாரும் இன்னும் கையில் பிடித்துக் காட்டவில்லை. பெரும்பாலான நாடுகளில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் யாராவது காய்ச்சல் விட்டு ஆறு மாதம் ஆகியும் தேறவில்லை என்றால், தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12, காசநோய் எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். இதே மாதிரி ஆளைச் சாய்க்கும், ஆனால் மருந்துள்ள நோய்கள் அவை. அத்தனையும் சரியாக இருந்தால், ‘காலையில் எழுந்து நாலு சுற்று நட, சரியாகிவிடும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். முந்தாநாள் அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டு, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.